ஒரு சாண் மேலே

அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டர்கள் முதல் தரை துடைக்கிற அம்மா வரை எல்லோருக்கும் அவள் 'சொட்டு'தான். நோயாளியின் உடம்புக்குள் போகிற தண்ணீரையும் உடம்பிலிருந்து வெளியே வருகிற தண்ணீரையும் சொட்டு விடாமல் எழுதி வைப்பவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஊசி மருந்தைக் கரைக்கிற பத்து மில்லியைக்கூட விடமாட்டாள். உதடு நனைத்த பஞ்சை எடை போட்டுப் பார்த்தாள் என்று ஒரு கதைகூட உண்டு. அது சுத்தப் பொய். ஆனால் சொட்டு அதை ஒருநாளும் மறுத்ததில்லை, ஏனென்றால் கேட்க நன்றாக இருந்தது.

"தண்ணி ஊத்துறதுல என்னக்கா பெரிய வித்தை?" என்று அவள் தம்பி ஒருமுறை கிண்டலாகக் கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டால் ரத்தக் குழாய்கள் தொளதொளத்துப் போகும், அழுத்தம் விழும். முதல் நாள் டிரிப்ஸில் தண்ணீர் ஊற்றாவிட்டால் ஆள் போய்விடுவார். இரண்டாம் நாளும் ஊற்றிக்கொண்டே இருந்தால் அது நுரையீரலில் போய்த் தேங்கும், அப்போதும் ஆள் போய்விடுவார். எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை. தம்பி அதற்குப் பிறகு அவள் வேலையைப் பற்றி வாயே திறந்ததில்லை.

அன்று காலை அவள் பொறுப்பில் மூன்றாம் கட்டில் இருந்தது. வெல்டர், ஐம்பது வயது. சிறுநீரகக் கல்லில் பிடித்த கிருமி ரத்தத்தில் ஏறி, முந்தாநாள் நினைவு தப்பிய நிலையில் கொண்டுவந்து போட்டார்கள். அடைப்பை எடுத்தாகிவிட்டது. மருந்தும் பிடித்துக்கொண்டது. ஆள் கண் திறந்து பேசவும் ஆரம்பித்துவிட்டார். ஆனால் இரண்டு நாளில் ஆறு லிட்டருக்கு மேல் உள்ளே போயிருந்தது, வெளியே வந்தது ஒரு லிட்டர்கூடத் தேறாது. கை, கால், கண் இமை எல்லாம் உப்பிப்போய்க் கிடந்தன. முப்பது வருஷம் வெல்டிங் புகையைக் குடித்த நுரையீரல் வேறு.

பெரிய டாக்டர் காலையில் சுற்றி வந்தபோது எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்: "இவரத் தொண்டையில குழாய் போடுற நிலைமைக்குக் கொண்டுவராதீங்க. இந்த நுரையீரல வெச்சுக்கிட்டு மூச்சு மெஷின்ல ஏறினா எறக்குறது சந்தேகம். தண்ணி விஷயத்துல ரொம்பக் கவனம்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் சொட்டுவைப் பார்த்தார். சொட்டுவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

பத்தரை மணிக்கு வெல்டரின் மனைவி உள்ளே வந்தாள். பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் நின்று நின்றே ஒரு முழங்கால் மடங்காமல் போனவள். நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார முடியும். அப்படி உட்கார்ந்தால் கட்டில் அவள் மோவாய் உயரத்துக்கு இருந்தது.

"என்ன சிஸ்டர் இது, மாடி மேல படுக்க வெச்சிருக்கீங்க? எட்டிக்கூடத் தொட முடியல," என்றாள். அவள் குரல் மெதுவாகப் பேசினாலே கடைசி சீட்டு வரைக்கும் போகும்.

சொட்டு பொத்தானை அழுத்தினாள். கட்டில் முனகிக்கொண்டு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடவே இறங்கியது. கண்டக்டர் கணவன் நெற்றியில் கை வைத்தாள். அவர் கண்ணைத் திறந்து, மூக்கில் ஆக்சிஜன் சீறுகிற சத்தத்துக்கு நடுவே ஏதோ முணுமுணுத்தார்.

"என்னது? எறங்கணுமா?" கண்டக்டர் குனிந்தாள். "இது உங்க ஸ்டாப்பு இல்ல. நான் விசில் அடிக்காம எறங்கினீங்க, தெரியும் சேதி."

வெல்டர் சிரித்தார். சொட்டுவும் சிரித்துவிட்டாள். சரியாக அந்த நேரத்தில் ஐந்தாம் கட்டிலில் அலாரம் அலறியது. அவள் ஓடினாள்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. வெல்டரின் மணிக்கட்டுத் தமனிக்குள் ஒரு மெல்லிய குழாய் இருந்தது. அதன் மறுமுனை கட்டிலோடு சேராத தனிக் கம்பத்தில் கட்டியிருந்த தீப்பெட்டி அளவு டப்பாவுக்குப் போனது. ஒவ்வொரு துடிப்பையும் அளந்து அழுத்தத்தைத் திரையில் காட்டுவது அந்த டப்பா. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: அது நோயாளியின் இதயத்துக்கு நேர் மட்டத்தில் இருக்க வேண்டும். மேலே போனால் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும், கீழே போனால் கூட்டிக் காட்டும். கட்டிலை அசைத்தால் டப்பாவையும் அசைக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் காதைத் திருகாத குறையாக மண்டையில் ஏற்றுகிறவள் சொட்டுதான். பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட மறக்காதவள், அன்றைக்கு மறந்துவிட்டாள். கட்டில் இறங்கியது, டப்பா மேலேயே நின்றது.

ஐந்தாம் கட்டிலில் ஒன்றுமில்லை. விரலில் மாட்டிய கிளிப்பை அந்தப் பெரியவர் கழற்றி எறிந்திருந்தார். அவரை நாலு வார்த்தை அன்பாகத் திட்டிவிட்டு அவள் திரும்புவதற்குள் மூன்றாம் கட்டில் கத்தத் தொடங்கியது.

காலையில் எழுபத்திரண்டு காட்டிய சராசரி அழுத்தம் இப்போது ஐம்பத்து நாலு. அறுபத்தைந்துக்குக் கீழே போகவே கூடாத ஆள். சொட்டு கண்டக்டரைக் கைத்தாங்கலாக எழுப்பி வெளியே அனுப்பினாள்.

"என்னாச்சு சிஸ்டர்? இப்பத்தானே சிரிச்சாரு?"

"கொஞ்சம் அழுத்தம் எறங்கியிருக்குக்கா. வெளிய இருங்க, கூப்பிடுறேன்."

வார்டு டாக்டர் ஓடிவந்தான். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கெட்டிக்காரன், ஆனால் பதற்றம் வந்தால் காது மடல் சிவந்துவிடும். அன்றைக்கு வரும்போதே சிவந்திருந்தது.

"சிஸ்டர், ஒருவாட்டி கையில பிரஷர் பட்டை கட்டியும் பார்த்துடலாமா? ரெண்டும் ஒண்ணா காட்டுதான்னு."

நல்ல கேள்வி. அந்த அறையில் அன்று கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான். ஆனால் கேட்டது மூன்று மாதக் குழந்தை, பதில் சொல்ல வேண்டியவள் சொட்டு.

"இந்த வீங்கின கையில பட்டை என்ன காட்டும் டாக்டர்? ரத்தக் குழாய்க்குள்ளயே குழாய் போட்டு வெச்சிருக்கோம். அத நம்பாம தோலுக்கு மேல கட்டுற துணிய நம்புவீங்களா?"

கழுத்து ரத்தக் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்த, அழுத்தத்தை ஏற்றுகிற மருந்தைச் சொட்டு மணிக்கு ஆறு மில்லியிலிருந்து ஒன்பதாக்கினாள். அழுத்தம் ஐம்பத்தேழுக்கு வந்தது. பன்னிரண்டாக்கினாள். ஐம்பத்தொன்பது. வழக்கமாக வேலை செய்கிற உயரத்தைவிடக் கட்டில் தாழ இருந்ததால் அவள் முதுகு ஒடியக் குனிந்துதான் எல்லாவற்றையும் செய்தாள். இடுப்பு விண்ணென்று தெறித்தது. எதற்கு இப்படிக் குனிகிறோம் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

"ஐந்நூறு ஊத்துவோம்," என்றான் டாக்டர்.

"வேணாம் டாக்டர். ஏற்கெனவே அஞ்சு லிட்டருக்கு மேல உள்ள தேங்கி நிக்குது. பெரிய டாக்டர் காலையிலதான் சொல்லிட்டுப் போனாரு."

"அழுத்தம் ஐம்பதுகள்ல நிக்குது சிஸ்டர். மருந்தையும் ஏத்திட்டோம். வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

திரையில் இருந்த எண் அவன் பக்கம் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்நூறு மில்லிப் பையை மாட்டினாள். இருபது நிமிஷத்தில் பை காலியானது. அழுத்தம் அறுபத்தொன்று. உள்ளதைச் சொன்னால், அந்த நேரத்தில் வெல்டரின் உண்மையான அழுத்தம் கிட்டத்தட்ட எண்பது. தேவைக்கு மேல் மருந்து போய் விரல் நுனிகள் நீலம் பாரித்துச் சில்லிட்டிருந்தன. சொட்டு அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். ரத்தம் போய்ச் சேரவில்லை, நிலைமை கைமீறுகிறது என்று நினைத்தாள்.

"மூச்சு..." என்றார் வெல்டர். "முட்டுது."

ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூற்றொன்றுக்கு வந்திருந்தது. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் அடிப்பக்கம் முழுக்க நொறநொறவென்று சத்தம். தண்ணீர். கடந்த ஒரு மணி நேரத்தில் இறங்கிய சிறுநீர் எட்டே மில்லி.

டாக்டர் பிரதரைக் கூப்பிட்டான். அடுத்த பக்கத்துக் கட்டில்களைப் பார்க்கிற ஆண் நர்ஸ், அதிகம் பேசாத மனிதர், எல்லோருக்கும் அவர் பிரதர். "குழாய் போடுற டிரே ரெடி பண்ணுங்க பிரதர். இன்னொரு ஐந்நூறும் கொண்டுவாங்க. குழாய் போடுறப்ப அழுத்தம் இன்னும் விழும்."

டிரே வந்தது. பச்சைத் துணியை விரித்ததும் உள்ளே வளைந்த குழாயும் தொண்டைக்குள் விட்டுப் பார்க்கிற கத்தி மாதிரி விளக்கும் பளபளத்தன. வெல்டர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு நகர்ந்து அவர் பார்வையை மறைத்து நின்றாள். இந்த மனுஷனைக் காலையில் சிரிக்க வைத்துப் பார்த்தாகிவிட்டது, இப்போது மெஷினுக்கு அனுப்பப் போகிறோம்.

"டாக்டர், ரெண்டாவது பைய மாட்டுறேன். ஆனா தொறக்குறதுக்கு முன்னாடி காலத் தூக்கிப் பார்த்துடுவோம். ஒரே நிமிஷம்."

அது அவர்கள் அடிக்கடி செய்கிற சோதனைதான். தலைப்பக்கத்தைத் தாழ்த்திக் காலைத் தூக்கினால், காலில் இருக்கிற ரத்தம் இரண்டு டம்ளர் அளவுக்கு இதயத்துக்கு வந்து சேரும். வெளியிலிருந்து ஒரு சொட்டு ஊற்றாமலேயே ஊற்றின மாதிரி. அழுத்தம் சட்டென்று ஏறினால் உடம்பு தண்ணீர் கேட்கிறது, ஊற்றலாம். ஏறாவிட்டால் ஊற்றுவது வீண், ஆபத்தும்கூட.

"மூச்சு முட்டுற ஆள மல்லாத்துறீங்களே."

"ஒரு நிமிஷம் தாங்குவாரு. ஏறலன்னா தண்ணி கெடையாது. சரியா?"

"ஏறிச்சுன்னா ஊத்துவேன். நடுவுல வரக் கூடாது. சரியா?"

"சரி," என்றாள் சொட்டு, பையை மாட்டிக்கொண்டே.

கட்டிலின் தலைப்பக்கம் இறங்கியது, கால்பக்கம் எழும்பியது. படுக்கையின் நிலை மாறினால் டப்பாவின் மட்டத்தைப் பார்ப்பது அவள் கைக்கே தெரிந்த வேலை. மனம் எங்கே இருந்தாலும் கை செய்துவிடும். முட்டி போட்டு உட்கார்ந்து, வெல்டரின் விலாவில் இதயத்தின் மட்டத்தில் விரலை வைத்து, அங்கிருந்து நேராகக் கம்பத்தைப் பார்த்தாள்.

டப்பா அங்கே இல்லை. ஒரு சாணுக்கு மேலே இருந்தது.

கண் பார்த்தது மூளைக்கு எட்டுவதற்குள் கை டப்பாவின் திருகைத் தளர்த்தி, கீழே இழுத்து, சரியான மட்டத்தில் இறுக்கிவிட்டது. தலைக்கு மேலே திரை ஒரு கணம் தடுமாறியது. அறுபத்தொன்று எழுபதானது, எழுபத்தெட்டானது, எண்பத்திரண்டில் போய் நின்றது.

"பார்த்தீங்களா!" டாக்டர் கிட்டத்தட்டக் குதித்தான். "இருபது புள்ளி ஏறிடுச்சு! தண்ணி கேக்குது சிஸ்டர், நீங்க வேணாம் வேணாம்னீங்களே!" கையை நீட்டி இரண்டாவது பையின் அடைப்பை முழுசாகத் திறந்துவிட்டான். தண்ணீர் சொட்டாக விழாமல் தாரையாக இறங்கியது.

சொட்டு தரையில் முட்டி போட்டபடியே இருந்தாள். எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது: பத்தரை மணி, பொத்தான், ஐந்தாம் கட்டில், ஒடிந்த இடுப்பு, நீல விரல்கள். இவர் அழுத்தம் விழவே இல்லை. காலையிலிருந்து நன்றாகத்தான் இருந்தார். நாங்கள்தான், இல்லை, நான்தான். யாரும் பார்க்கவில்லை. அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியவும் தெரியாது. காலைத் தூக்கினார்கள், அழுத்தம் ஏறியது, பெரிய டாக்டரே வந்தாலும் அதற்கு மேல் கேட்க மாட்டார். பதினோரு வருஷத்துப் பெயர் அப்படியே இருக்கும். தாரை தாரையாக இறங்குகிற இந்த ஐந்நூறில் இந்த மனுஷன் மூழ்கிப் போவார், அவ்வளவுதான்.

"மூடுங்க," என்றாள். குரல் வெளியே வரவில்லை. எழுந்து நின்று கத்தினாள்: "மூடுங்க டாக்டர்! அந்த நம்பர் தப்பு!"

"சிஸ்டர், ஒத்துக்கிட்டுத்தானே செஞ்சோம்? இப்ப சண்டைக்கு நேரமில்ல..."

அவளே பாய்ந்து அடைப்பை மூடினாள். வெல்டரின் கால்களை இறக்கி, தலைப்பக்கத்தை உயர்த்தினாள். இதயத்தின் மட்டத்துக்கு டப்பாவை மறுபடி பொருத்தினாள். "திரையப் பாருங்க. நான் மட்டமா வெச்சிருக்கேன், எண்பது. இப்போ," டப்பாவை ஒரு சாண் மேலே தள்ளினாள், "எவ்வளவு?"

"அறுபத்தொண்ணு..."

கீழே இறக்கினாள். எண்பது. மேலே தள்ளினாள். அறுபத்தொன்று. டாக்டரின் காது மடலிலிருந்து சிவப்பு வடிந்து முகமெல்லாம் வெளுத்தது.

"பத்தரைக்கு அவங்க சம்சாரத்துக்காகக் கட்டில தாழ்த்தினேன். டப்பாவத் தாழ்த்த மறந்துட்டேன். அப்பலேருந்து எல்லாமே பொய்க் கணக்கு. தப்பு என்னோடது, டாக்டர். நீங்க பட்டை கட்டச் சொன்னீங்க, நான்தான் கேக்கல."

பிரதர் பட்டையைக் கொண்டுவந்து மறுகையில் கட்டினார். எழுபத்தொன்பது காட்டியது. அந்தத் துணிக்கு முன்னால் சொட்டுவுக்கு மூக்கு உடைந்தது, அதுவும் எல்லோர் எதிரிலும்.

பெரிய டாக்டர் ஆபரேஷன் அறையிலிருந்து போனில் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று சொட்டுவுக்கு இருந்தது. தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள், அழுத்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், தண்ணீர் வெளியேற ஊசி போடுங்கள், மூஞ்சியில் மாஸ்க்கை இறுக்கி ஆக்சிஜனைத் தள்ளுங்கள். "ஒரு மணி நேரம் குடுங்க. சிறுநீர் இருநூறாவது எறங்கணும். எறங்கலன்னா, இல்ல ஆக்சிஜன் எண்பத்தஞ்சுக்குக் கீழ போனா, குழாய் போட்டுடுங்க. வீட்டுக்காரங்ககிட்ட இப்பவே கையெழுத்து வாங்கி வெச்சுக்கோங்க."

டாக்டர் படிவத்தை எழுதினான். 'நோயின் தீவிரத்தால் மூச்சுத்திணறல்' என்று எழுதியதைப் பார்த்ததும் சொட்டு அவன் பேனாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"இப்ப எதுக்கு சிஸ்டர்? ஆளு தேறட்டும், அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம்," என்றான். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னான்.

"தேறலன்னா?"

அவன் அந்த வரியை அடித்துவிட்டு நடந்ததை எழுதினான்.

கண்டக்டர் வெளியே நீட்டிய காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சொட்டு பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. டப்பா என்ன, அது எங்கே இருக்க வேண்டும், எங்கே இருந்தது, அதனால் தேவையில்லாமல் எவ்வளவு மருந்து, எவ்வளவு தண்ணீர் போனது, இப்போது நுரையீரல் எப்படி இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் என்ன ஆகலாம் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

கண்டக்டர் கேட்டது வேறு: "நான் கட்டிலத் தாழ்த்தச் சொன்னேன். அதனாலயா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. நீங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்ல, கட்டில எறக்குனதும் தப்பில்ல. கூடவே அந்த டப்பாவ எறக்காம ஓடினேன் பாருங்க, அதுதான் தப்பு. அது என் வேலை. உங்க வேலை இல்ல."

"முந்தாநாளிலேருந்து உன்னத்தான் நம்பிக்கிட்டிருந்தேன்," என்றாள் கண்டக்டர். 'சிஸ்டர்' போய்விட்டது, 'நீங்க' போய்விட்டது. "வீட்டுல எம்மகளுக்குப் போன் போட்டு, கவலப்படாத, அந்தப் பொண்ணு ஒரு சொட்டு விடாம பார்த்துக்குதுன்னு சொன்னேன்."

சொட்டு படிவத்தை எடுத்து நீட்டினாள்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" போட்டாள். எழுந்து, சுவரைப் பிடித்து நின்று, சொட்டுவின் முகத்தைப் பார்த்தாள். எள்ளும் கொள்ளும் வெடித்தது அந்த முகத்தில். "நீ இனிமே அவர் பக்கத்துல வரக் கூடாது. வேற யாராவது பார்க்கட்டும். நான் உள்ள போய் உக்காரப் போறேன், யாரும் என்னை எழுப்பக் கூடாது."

"சரிக்கா," என்றாள் சொட்டு.

மூன்றாம் கட்டிலைப் பிரதரிடம் ஒப்படைத்தாள். மருந்து எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, ஊசி போட்ட நேரம் பன்னிரண்டு பத்து. குறிப்பேட்டில் பத்தரை மணிக்கு நேரே, தான் செய்ததைத் தன் கையெழுத்திலேயே எழுதி வைத்தாள். பிறகு ஐந்தாம் கட்டிலுக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் கண்டக்டரின் முதுகும் மாஸ்க்கின் பட்டையும் தெரியும். சிறுநீர் சேருகிற அளவுப் பெட்டி கட்டிலின் மறுபக்கம் தொங்கியது. அது தெரியாது.

அவளுக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது. பதினோரு வருஷமாக எந்த நோயாளியின் அளவு என்றாலும் கேட்ட மாத்திரத்தில் சொன்னவளுக்கு, அன்றைக்கு வேண்டிய ஒரே ஒரு அளவு தெரியவில்லை. போய்ப் பார்க்கவும் முடியாது. பிரதரைக் கேட்கலாம் என்றால் அந்த ஆள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க ஒரு நாள் ஆகும்.

ஆனால் காது இருந்தது. துடிப்பு காட்டுகிற கருவியின் 'பீப்' சத்தம், ஆக்சிஜன் குறையக் குறைய அடிக்குரலுக்கு இறங்கும், கூடக் கூட மேலே ஏறும். பெரியவருக்கு முதுகு துடைத்துக்கொண்டே அவள் அதைக் கேட்டாள். பன்னிரண்டரைக்கு அது இன்னும் இறங்கியது. எண்பத்தொன்பது இருக்கும். இல்லை, எண்பத்தெட்டு. டாக்டர் போய்க் கட்டிலருகே நின்றான். டிரேயின் பச்சைத் துணியில் அவன் கை இருந்தது. சொட்டுவின் கையில் இருந்த ஈரத்துணி பெரியவரின் தோளிலேயே நின்றுவிட்டது.

"ஏம்மா, ஒரே எடத்தத் தேச்சுத் தோல உரிச்சிடாத," என்றார் பெரியவர்.

"மன்னிச்சிடுங்க தாத்தா."

கடவுளே, இறங்கட்டும். அவளுக்குக் கடவுள் நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. ஆனாலும் வேண்டினாள். பெயர் போகட்டும், வேலையே போனாலும் போகட்டும், அந்த ஆளுக்குத் தண்ணீர் இறங்கட்டும்.

பன்னிரண்டே முக்கால். 'பீப்' அதே அடிக்குரலில் அடித்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் இடுப்பை வளைத்துக் கட்டிலின் மறுபக்கம் எட்டிப் பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி எட்டிப் பார்த்தாள். பிரதர் அவளுக்கு எதையோ விரலால் காட்டினார். பெட்டியில் கோடுகளை எப்படிப் படிப்பது என்று காட்டியிருக்க வேண்டும்.

ஒரு மணிக்குச் சற்று முன்னால் 'பீப்' லேசாக ஏறியது. சொட்டு நம்பவில்லை. ஆசையில் காது பொய் சொல்லும். பத்துத் துடிப்பு எண்ணினாள், இன்னும் பத்து எண்ணினாள். ஏறித்தான் இருந்தது. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றிரண்டாகக்கூட இருக்கலாம். ஆனால் சிறுநீர்? அது இறங்காமல் இது நிற்காது. கால் தானாக இரண்டடி எடுத்து வைத்தது. கண்டக்டரின் முதுகைப் பார்த்ததும் நின்றுவிட்டது. வரக் கூடாது என்றால் வரக் கூடாதுதான்.

ஒன்று பத்து ஆனது. கெடு முடிந்தது. டாக்டர் பெரிய டாக்டருக்குப் போன் போட எழுந்து போனான். அவன் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. சொட்டு ஐந்தாம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கண்டக்டர் மூன்றாவது முறையாக மறுபக்கம் எட்டிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, கோட்டின் மேல் விரலை வைத்து, வாய்க்குள்ளேயே எண்ணினாள். பிறகு நாற்காலியில் அப்படியே உடம்பைத் திருப்பினாள். சொட்டுவைத் தேடிக் கண்டுபிடித்தாள். அந்த முகத்தில் கோபம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை.

"ஏய், இந்தா," என்றாள். வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டது. "இருநூத்தி முப்பது."

சொட்டு கம்பியை விடாமல் அவளையே பார்த்தாள்.

"கேக்குதா? இருநூத்தி முப்பது எறங்கியிருக்கு." கண்டக்டரின் குரல் அப்போதுதான் உடைந்தது. அவளுக்கு நிஜமாகவே தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும், அந்த அறையில் கேட்க அவளுக்கு இந்த ஒருத்திதான் இருந்தாள். "சொல்லேன். போதுமா?"

"போதும்க்கா," என்றாள் சொட்டு. கண்ணீர் அவள் முகக்கவசத்துக்குள் வழிந்தது, துடைக்கவில்லை. "போதும். குழாய் வேணாம்."

கண்டக்டர் தலையை ஆட்டிவிட்டுக் கணவன் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரதர் டிரேயின் பச்சைத் துணியை மூடி எடுத்துக்கொண்டு போனார்.